சுரங்கம் திறந்திருக்கிறது, பொதி ஏன் வரவில்லை?

வீட்டிலிருந்தபடி அலுவலகப் பணிகளைச் செய்வோர் பலருக்கும் பழகிப்போன புதிர் ஒன்று உண்டு. விபிஎன் இணைப்பு கிடைத்துவிட்டதாகத் திரையில் பச்சைக் குறி தெரிவிக்கிறது. அலுவலகக் கணினி விழித்திருக்கிறதா என்று சோதித்தால் உடனுக்குடன் பதிலும் வருகிறது. ஆயினும் அலுவலக வலைப்பக்கத்தைத் திறக்க முனைந்தால், உலாவியின் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறதே ஒழிய, பக்கம் வந்து சேர்வதில்லை. இணைப்பை அணைத்து மீண்டும் போட்டால் அதே பச்சைக் குறி வருகிறது, அதே சுழலும் வட்டமும் வருகிறது. இணைப்பு இருக்கிறது என்பதும் இல்லை என்பதும் ஒரே நேரத்தில் எவ்வாறு உண்மையாக இருக்க முடியும் என்பதே இந்த அத்தியாயம் ஆராயும் கேள்வி.

இதற்கான விடை, 'இணைந்துவிட்டது' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பல தனித்தனி உண்மைகள் அடங்கியிருப்பதில் இருக்கிறது. விபிஎன் இணைப்பு பல அடுக்குகளால் ஆனது. ஒவ்வோர் அடுக்கும் தன் வேலையைப் பற்றி மட்டுமே சாட்சி சொல்ல வல்லது. ஓர் அடுக்கு நலமாக இருப்பதாகச் சொல்வதைக் கொண்டு அடுத்த அடுக்கும் நலமாகவே இருக்கும் என்று முடிவு செய்வதில்தான் பெரும்பாலான குழப்பங்கள் தொடங்குகின்றன. லினக்ஸ் இயங்குதளம் இந்த அடுக்குகளில் ஒவ்வொன்றையும் தனியே விசாரிப்பதற்கான கருவிகளைத் தருகிறது என்பதால், புதிரை லினக்ஸ் மடிக்கணினி ஒன்றின் மீது வைத்துப் படிப்படியாக அவிழ்த்துப் பார்க்கலாம்.

உறைக்குள் உறை

விபிஎன் என்பது மெய்நிகர் தனிப்பிணையம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்: பொது இணையத்தின் வழியாகவே பயணம் செய்தாலும், இரு முனைகளுக்கும் இடையே தனிக் கம்பி இழுத்துவிட்டதைப் போன்ற தோற்றத்தைத் தரும் ஏற்பாடு. இணையத்தில் செல்லும் எந்தத் தரவும் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டே அனுப்பப்படுகிறது. அனுப்புநர், பெறுநர் முகவரிகள் தலைப்பில் எழுதப்பட்ட அத்தகைய ஒவ்வொரு துண்டும் 'பொதி' எனப்படும். விபிஎன் செய்வது, அலுவலகத்தின் உள்முகவரிக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தை அதன் உறையோடு சேர்த்து முத்திரையிட்டு, வெளியுலக முகவரி எழுதிய இன்னொரு பெரிய உறைக்குள் வைத்து அஞ்சலில் சேர்ப்பதற்கு ஒப்பானது. இடையிலுள்ள அஞ்சலகங்கள் வெளி உறையை மட்டுமே படிக்கின்றன; மறுமுனையில் அது பிரிக்கப்பட்டு, உள் உறை தன் பயணத்தைத் தொடர்கிறது. ஒரு பொதியை இவ்வாறு இன்னொரு பொதிக்குள் மறைத்துக் கொண்டுசெல்லும் வழியே 'சுரங்கம்' என்று அழைக்கப்படுகிறது.

இந்த அத்தியாயம் முழுவதும் எடுத்துக்காட்டாக வரும் சுரங்கத்தில் மூன்று கணினிகள் உள்ளன. முதலாவது, வீட்டு வைஃபையில் இணைந்துள்ள மடிக்கணினி. சுரங்கத்துக்குள் அதன் முகவரி 10.8.0.2. இரண்டாவது, அலுவலக வாசலில் நின்று சுரங்கத்தின் மறுமுனையாகச் செயல்படும் வாயில் கணினி. அதன் முகவரி 10.8.0.1. மூன்றாவது, அந்த வாயிலுக்குப் பின்னால் 192.168.50.10 என்ற முகவரியில் வலைப்பக்கத்தை வழங்கும் சர்வர். மடிக்கணினியிலிருந்து சர்வருக்கு அனுப்பப்படும் 'பிங்' என்னும் சோதனைப் பொதிகளுக்குப் பதில் வருகிறது. பக்கம் மட்டும் வரவில்லை.

கம்பியில்லாத இடைமுகம்

லினக்ஸின் மையப்பகுதியான கர்னல், வெளியுலகோடு பொதிகளைப் பரிமாறிக்கொள்ளும் ஒவ்வொரு வாயிலையும் 'இடைமுகம்' என்று கருதுகிறது. ஈதர்நெட் கம்பி செருகப்படும் அட்டையும், வைஃபை அட்டையும் இத்தகைய இடைமுகங்களே. சுரங்கத்துக்கும் ஓர் இடைமுகம் உண்டு என்றாலும், அதன் பின்னால் கம்பியோ அலைக்கம்பமோ கிடையாது. அதற்குள் இடப்படும் பொதி வேறொரு மென்பொருளின் கையில் போய்ச் சேர்ந்து, அங்கே மறையாக்கம் செய்யப்பட்டு, அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாத வடிவுக்கு மாற்றப்பட்டு, வெளி உறையிடப்பட்டு, உண்மையான வைஃபை இடைமுகத்தின் வழியே வெளியேறுகிறது.

ஜேம்ஸ் யோனன் 2001இல் வெளியிட்ட ஓப்பன்விபிஎன் மென்பொருள், லினக்ஸ் கர்னலின் 'டன்' என்ற இயக்கியைக் கொண்டு இத்தகைய இடைமுகத்தை உருவாக்கியது. அதனால்தான் இன்றும் பல கணினிகளில் சுரங்க இடைமுகம் 'டன்0' என்ற பெயரில் தோன்றுகிறது. ஜேசன் டோனன்ஃபெல்ட் வடிவமைத்த வயர்கார்ட் இதே வேலையைக் கர்னலுக்குள்ளேயே செய்கிறது. 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.6 பதிப்பு முதல் அது கர்னலின் பகுதியாகவே வருகிறது. எடுத்துக்காட்டில் வரும் சுரங்கம் வயர்கார்டினால் ஆனது; அதன் இடைமுகத்தின் பெயர் 'டபிள்யூஜி0'.

இடைமுகங்களின் நிலையைக் காட்டும் 'ஐபி லிங்க்' கட்டளையை இட்டால், முதன்முறை பார்ப்பவரைத் துணுக்குற வைக்கும் ஒரு சொல் கண்ணில் படும். வைஃபை இடைமுகத்தின் நிலை 'அப்' என்று இருக்க, டபிள்யூஜி0வின் நிலை 'அன்நோன்', அதாவது 'அறியப்படவில்லை' என்று காட்டப்படுகிறது. இது பழுதின் அறிகுறி அன்று. கம்பி செருகப்பட்டிருக்கிறதா என்பதை ஈதர்நெட் அட்டை மின்குறிகளால் அறிந்து கர்னலிடம் சொல்ல முடியும். சுரங்க இடைமுகத்தில் அவ்வாறு உணர்வதற்கு எதுவும் இல்லாததால், கர்னல் தனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே பதிவு செய்கிறது. அதே வரியில் கோணக் குறிகளுக்குள் 'அப்' என்ற கொடி இருக்கிறதா என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. அது இருந்தால், இடைமுகம் இயக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.

அந்தக் கொடி அதற்கு மேல் எதையும் சொல்வதில்லை. வயர்கார்ட் இடைமுகம், மறுமுனையில் கணினி இருக்கிறதா இல்லையா என்று பாராமலேயே இயங்கத் தொடங்கிவிடும். வாயில் கணினியின் மின்சாரத்தையே துண்டித்துவிட்டாலும் மடிக்கணினியில் டபிள்யூஜி0 மாறாமல் நிற்கும். பச்சைக் குறி காட்டும் பல செயலிகள் இந்த முதல் அடுக்கின் சாட்சியத்தை மட்டுமே படித்துக் காட்டுகின்றன.

மறுமுனையின் குரல்

எனவே அடுத்த கேள்வி, மறுமுனை உண்மையிலேயே பேசுகிறதா என்பது. வயர்கார்டில் இரு முனைகளும் ஒன்றையொன்று சாவியால் அடையாளம் கண்டு, அடுத்த சில நிமிடங்களுக்கு மட்டும் பயன்படும் தற்காலிகச் சாவிகளை உருவாக்கிக்கொள்ளும் பரிமாற்றம் 'ஹேண்ட்ஷேக்' எனப்படுகிறது. தரவு சென்றுகொண்டிருக்கும் வரை ஏறத்தாழ 2 நிமிடங்களுக்கு ஒருமுறை இது புதுப்பிக்கப்படுகிறது. 3 நிமிடங்களுக்கு மேற்பட்ட பழைய சாவி ஏற்கப்படுவதில்லை. 'டபிள்யூஜி ஷோ' என்ற கட்டளை, கடைசி ஹேண்ட்ஷேக் எவ்வளவு நேரத்துக்கு முன் நிகழ்ந்தது என்பதையும், எத்தனை பைட் சென்றன, எத்தனை பைட் வந்தன என்பதையும் காட்டுகிறது. அனுப்பியதன் எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்க, பெற்றதன் எண்ணிக்கை சுழியிலேயே நின்றால், மறுமுனையின் குரல் இன்னும் கேட்கவில்லை என்று பொருள்.

பொதிகளை நேரில் பார்க்க உதவும் 'டிசிபிடம்ப்' கருவியை வைஃபை இடைமுகத்தில் ஓடவிட்டால், இதே உண்மை இன்னும் தெளிவாகப் புலப்படும். ஹேண்ட்ஷேக்கைத் தொடங்கும் செய்தியின் நீளம் எப்போதும் 148 பைட். அதற்கான மறுமொழியின் நீளம் 92 பைட். உள்ளடக்கம் மறைக்கப்பட்டிருந்தாலும் நீளம் மறைக்கப்படுவதில்லை என்பதால், 148 என்ற எண் சுமார் 5 நொடிக்கு ஒருமுறை வெளியே போய்க்கொண்டிருக்க, 92 என்ற எண் ஒருமுறைகூட உள்ளே வராமலிருந்தால், கேள்வி கேட்கப்படுகிறது, விடை வரவில்லை என்பதை எவரும் படித்துவிடலாம்.

விடை வராததற்கான காரணத்தை வயர்கார்ட் சொல்லாது. சொல்லாமலிருப்பது அதன் வடிவமைப்பிலேயே உள்ள பாதுகாப்பு. சரியான சாவியால் எழுதப்படாத எந்தச் செய்திக்கும் அது பதில் அளிப்பதில்லை என்பதால், சாவி தவறாக இருந்தாலும், போர்ட் எண் மாறியிருந்தாலும், வழியில் ஃபயர்வால் என்னும் தடுப்பரண் மறித்திருந்தாலும், மறுமுனை அணைந்தே கிடந்தாலும் வெளியில் தெரிவது ஒரே மௌனம்தான். இவற்றோடு எளிதில் சந்தேகத்துக்கு வராத ஒரு காரணமும் உண்டு. ஒருவர் பதிவு செய்துவைத்த பழைய செய்தியை மீண்டும் அனுப்பி ஏமாற்றுவதைத் தடுக்க, ஹேண்ட்ஷேக்கின் முதல் செய்தியில் நேரம் பொறிக்கப்படுகிறது. மறுமுனை தான் கடைசியாகக் கண்ட நேரத்தைவிட முந்தைய நேரம் கொண்ட செய்தியைப் புறக்கணிக்கிறது. மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லாத பழைய ராஸ்பெரி பை போன்ற சிறு கணினிகள் மின்தடைக்குப் பின் பழைய நேரத்தோடு விழித்தெழுந்தால், சாவியும் முகவரியும் சரியாக இருந்தும் சுரங்கம் எழாமல் போவதற்கு இதுவே காரணம்.

எடுத்துக்காட்டில் இந்த அடுக்கு நலமாகவே இருக்கிறது: ஒரு நிமிடத்துக்குள் ஹேண்ட்ஷேக் நிகழ்ந்திருக்கிறது, இரு எண்ணிக்கைகளும் ஏறியிருக்கின்றன.

எந்த வழி, எந்தச் சாவி

மறுமுனை பேசுகிறது என்பதால், மடிக்கணினி தன் பொதிகளைச் சுரங்கத்துக்குள்தான் இடுகிறது என்று கொள்ள முடியாது. எந்த முகவரிக்குச் செல்லும் பொதி எந்த இடைமுகத்தின் வழியே வெளியேற வேண்டும் என்பதைக் கர்னலின் வழித்தட அட்டவணை முடிவு செய்கிறது. அட்டவணை முழுவதையும் படித்து ஊகிப்பதைக் காட்டிலும், 'ஐபி ரூட் கெட்' என்ற கட்டளையோடு 192.168.50.10 என்ற முகவரியைக் கொடுத்து, கர்னலையே நேரடியாகக் கேட்டுவிடுவது சிறந்தது. இந்த முகவரிக்கு இந்த இடைமுகத்தின் வழியே, இந்த அனுப்புநர் முகவரியோடு அனுப்புவேன் என்று அது ஒரே வரியில் விடை சொல்லும்.

இந்த அடுக்கில் அடிக்கடி நேரும் பழுது, முகவரிகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்வது. தனிப் பிணையங்களின் பயன்பாட்டுக்கென 1996இல் ஆர்எஃப்சி 1918 என்ற ஆவணம் மூன்று முகவரி வரம்புகளை ஒதுக்கியது. உலகெங்கும் உள்ள வீட்டு ரூட்டர்கள் அவற்றிலிருந்து பெரும்பாலும் 192.168.0, 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளையே எடுத்துக்கொள்கின்றன. அலுவலகமும் அதே வரம்பைப் பயன்படுத்தினால், அலுவலக அச்சுப்பொறிக்குச் செல்ல வேண்டிய பொதி வீட்டுக்குள்ளேயே அதே முகவரி கொண்ட வேறொரு சாதனத்தைத் தேடி அலையும், அல்லது வீட்டுச் சாதனத்துக்கு உரியது சுரங்கத்துக்குள் போய்விழும். இரண்டில் எது நேரும் என்பது அட்டவணையிலுள்ள முன்னுரிமை எண்களைப் பொறுத்தது.

வயர்கார்டில் வழித்தடத்துக்கு அடுத்து இன்னொரு சோதனையும் உண்டு. ஒவ்வொரு மறுமுனையின் சாவிக்கும் எதிரே, அந்தச் சாவியால் எந்தெந்த முகவரிகளுக்குப் பேசலாம் என்ற பட்டியல் எழுதப்பட்டிருக்கும். வழித்தடம் பொதியைச் சுரங்கத்துக்குள் தள்ளிவிட்டாலும், அதன் பெறுநர் முகவரி எந்தப் பட்டியலிலும் இல்லையென்றால், தேவையான சாவி கிடைக்கவில்லை என்ற பொருள்படும் பிழைச்செய்தி உடனே வருகிறது. அதைப் படித்தவுடன் புதிய சாவியை உருவாக்கத் தொடங்குவோர் பலர்; ஆனால் சாவியில் குறை இல்லை, சாவிக்கு எதிரே எழுதப்பட்ட முகவரிப் பட்டியலில்தான் குறை. எடுத்துக்காட்டில் வீட்டு முகவரிகளும் அலுவலக முகவரிகளும் மோதவில்லை, பட்டியலும் சரியாக இருக்கிறது.

இரு வாயில்களில் கண்காணிப்பு

இதுவரை கேட்ட கேள்விகளுக்குக் கணினி தன் அமைப்புகளைப் பார்த்துப் பதில் சொன்னது. அமைப்பில் எழுதியிருப்பதும் நடப்பதும் ஒன்றேதானா என்பதைப் பொதிகளைப் பின்தொடர்ந்தே உறுதி செய்ய முடியும். சுரங்க இடைமுகத்தில் ஒரு டிசிபிடம்ப், வைஃபை இடைமுகத்தில் இன்னொரு டிசிபிடம்ப் என இரண்டை ஒரே நேரத்தில் ஓடவிட்டால், உள் உறையையும் வெளி உறையையும் அருகருகே காணலாம். உள் உறை சுரங்கத்திலேயே தென்படவில்லை என்றால் வழித்தடத்தில் குறை. சுரங்கத்தில் தென்பட்டு வைஃபையில் அதற்கு இணையான மறைபொதி வெளியேறவில்லை என்றால் சாவியிலோ மறுமுனை முகவரியிலோ குறை. இரண்டிலும் வெளியேறி எதுவும் திரும்பவில்லை என்றால் தேடல் மறுமுனைக்கு நகர வேண்டும். அங்கே, ஓர் இடைமுகத்தில் வந்த பொதியை இன்னொன்றுக்குக் கைமாற்ற வாயில் கணினியின் கர்னலுக்கு அனுமதி தரப்பட்டிருக்கிறதா, 10.8.0.2 என்ற முகவரிக்குத் திரும்பும் வழி சர்வருக்குத் தெரியுமா என்ற இரு கேள்விகளும் காத்திருக்கின்றன.

எடுத்துக்காட்டில் இந்தக் கண்காணிப்பே முதல் தடயத்தைத் தருகிறது. வழக்கமான பிங் சோதனையின் பொதி 84 பைட் நீளமுள்ளது. வயர்கார்ட் அதை 16இன் மடங்காக, 96 பைட்டாக நிரப்பி, தன் 32 பைட்டையும் சேர்க்க, வெளியே 128 என்ற நீளம் தெரிகிறது. அது போகிறது, வருகிறது. அடுத்து உலாவி வலைப்பக்கத்தைக் கேட்கும்போது, வாயில் கணினியின் வெளி இடைமுகத்தில், வெளி உறையின் தலைப்புகள் நீங்கலாக 1452 நீளமுள்ள பொதிகள் மடிக்கணினியை நோக்கிப் புறப்படுகின்றன. சிறிது நேரத்தில் அதே நீளம் மீண்டும் புறப்படுகிறது. இடைவெளி இருமடங்காகிப் பின்னும் ஒருமுறை புறப்படுகிறது. மடிக்கணினியின் வைஃபையிலோ 1452 என்ற எண் ஒருமுறைகூடத் தோன்றவில்லை. சிறிய பொதிகள் கடந்துவிடும் பாதையில் பெரிய பொதிகள் மட்டும் காணாமல் போகின்றன என்பதால், சந்தேகம் அளவின் மீது விழுகிறது.

எட்டு பைட் எங்கே போயிற்று?

ஒவ்வோர் இணைப்பும் ஒரே மூச்சில் சுமக்கக்கூடிய மிகப் பெரிய பொதியின் நீளம் எம்டியூ, அதாவது 'பொதி உச்ச அளவு' எனப்படும். டிஜிட்டல், இன்டெல், ஜெராக்ஸ் ஆகிய மூன்று நிறுவனங்கள் 1980இல் வெளியிட்ட ஈதர்நெட் வரையறை இதை 1500 பைட் என்று வகுத்தது. இணையத்தின் பெரும்பகுதி இன்றும் அந்த எண்ணையே பின்பற்றுகிறது.

வெளி உறைக்கும் இந்த 1500க்குள்தான் இடம் தர வேண்டும். பயணம் புதிய ஐபிவி6 முகவரிகளில் நிகழும்போது முகவரித் தலைப்புக்கு 40 பைட், வயர்கார்ட் பொதிகளைச் சுமக்கும் யூடிபி நெறிமுறையின் தலைப்புக்கு 8 பைட், வயர்கார்டின் அடையாள எண்களுக்கும் முத்திரைக்கும் 32 பைட் என மொத்தம் 80 பைட் கழிகின்றன. ஆகவே வயர்கார்ட் தன் இடைமுகத்தின் உச்ச அளவை 1420 என்று வைத்துக்கொள்கிறது. உள் உறை 1420, வெளி உறையோடு சேர்த்து மிகச் சரியாக 1500, மிச்சம் ஏதுமில்லை.

எடுத்துக்காட்டில் வெளிப்பயணம் ஐபிவி6 வழியே நிகழ்கிறது. வீட்டுக்கு வரும் இணைப்பு, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொண்டு சந்தாதாரரை அடையாளம் காணும் பிபிபிஓஇ முறையைப் பயன்படுத்துகிறது. 1999இல் ஆர்எஃப்சி 2516 ஆவணம் விவரித்த இம்முறை, ஒவ்வொரு பொதியிலும் தனக்கென 8 பைட்டை எடுத்துக்கொள்கிறது. எனவே ரூட்டருக்கும் இணைய நிறுவனத்துக்கும் இடைப்பட்ட அந்த ஒரு கண்ணியில் மட்டும் உச்ச அளவு 1492. மடிக்கணினிக்கு இது தெரிய வழியில்லை. சுரங்கத்தை அமைக்கும்போது அது தன் வைஃபை இடைமுகத்தைப் பார்க்கிறது. அங்கே 1500 என்று எழுதியிருக்கிறது. 80ஐக் கழித்து 1420 என்று முடிவு செய்துவிடுகிறது. வாயில் கணினியும் தன் பக்கத்தில் அதே கணக்கைப் போடுகிறது. இருவர் கணக்கிலும் பிழையில்லை. நடுவிலுள்ள கண்ணியின் அளவு இருவர் கண்ணுக்கும் படவில்லை.

சோதனை

சந்தேகத்தை உறுதிப்படுத்த, பிங் கட்டளைக்கே துண்டாக்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டையும், சுமையின் அளவையும் சேர்த்துக் கொடுக்கலாம். பிங் பொதியில் தலைப்புகளுக்கு 28 பைட் போவதால், 1392 பைட் சுமை கொடுத்தால் பொதி சரியாக 1420 ஆகும். 1393 கொடுத்தால், செய்தி மிக நீளம் என்ற பிழை கணினிக்குள்ளிருந்தே உடனே வருகிறது. அது இடைமுகம் தன் எல்லையைத் தானே காப்பது. 1392 கொடுத்தால் பிழையும் வருவதில்லை, பதிலும் வருவதில்லை. சுமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே வந்தால், 1380இல் முதன்முறையாகப் பதில் வருகிறது, 1381இல் வருவதில்லை.

இங்கே ஒரு நுட்பம் கவனத்துக்கு உரியது. கண்ணியின் உச்ச அளவு 1492 என்றால், 80ஐக் கழித்து உள்ளே 1412 வரை கடந்திருக்க வேண்டும். அதற்குரிய சுமை 1384. ஆனால் சோதனை 1380இலேயே நின்றுவிட்டது. காரணம், பொதியின் உண்மையான நீளத்தை வேவு பார்ப்போரிடமிருந்து ஓரளவு மறைக்க, வயர்கார்ட் ஒவ்வொரு பொதியையும் 16இன் மடங்காக நிரப்புகிறது. இடைமுகத்தின் உச்ச அளவைத் தாண்ட நேரும்போது மட்டும் அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறது. 1380 சுமை கொண்ட பொதி 1408 பைட். அது 16இன் மடங்கே என்பதால் நிரப்பல் தேவையின்றி, வெளியே 1488 ஆகக் கடந்துவிடுகிறது. 1381 சுமை 1409 ஆகிறது; அடுத்த மடங்கு 1424; அது 1420ஐத் தாண்டுவதால் 1420இல் நிறுத்தப்பட்டு, வெளியே 1500 ஆகி விழுந்துவிடுகிறது. இடைமுகத்தின் உச்ச அளவையே 1412 என்று மாற்றிவிட்டால், நிரப்பலும் 1412இல் நின்றுவிடும், வெளி உறை மிகச் சரியாக 1492 ஆகும். சோதனை தந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அது எவ்வாறு பிறந்தது என்று கேட்டால்தான் 1408க்கும் 1412க்கும் உள்ள வேறுபாடு விளங்கும்.

சொல்லாமல் விழுவது

பொதி பெரிதாக இருந்தால் அதை மறுக்கும் ரூட்டர் அனுப்பியவருக்குத் தெரிவிக்கக் கூடாதா என்ற கேள்வி இயல்பாகவே எழும். தெரிவிக்க வேண்டும் என்பதே விதி. ஜெஃப்ரி மொகுலும் ஸ்டீவ் டீரிங்கும் 1990இல் எழுதிய ஆர்எஃப்சி 1191 இதற்கான முறையை வகுத்தது: பெரிய பொதியைக் கடத்த முடியாத ரூட்டர் அதைக் கைவிட்டு, தன் கண்ணியின் அளவு இவ்வளவுதான் என்ற செய்தியை ஐசிஎம்பி என்னும் அறிவிப்பு நெறிமுறை வழியே திருப்பி அனுப்பும், அனுப்பியவர் தம் பொதிகளைச் சுருக்கிக்கொள்வார். பழைய ஐபிவி4 முறையில், தடை சொல்லப்படாத பொதிகளை வழியிலுள்ள ரூட்டரே துண்டாக்கி அனுப்பவும் முடிந்தது. டீரிங்கும் பங்கேற்று வடிவமைத்த ஐபிவி6இல் ரூட்டர்கள் எதையும் துண்டாக்குவதில்லை என்பதால், இந்த அறிவிப்பு இன்றியமையாததாகிவிட்டது.

எடுத்துக்காட்டிலும் இணைய நிறுவனத்தின் ரூட்டர் 1500 பைட் பொதியைக் கைவிட்டு, 1492தான் எல்லை என்று அலுவலகத்துக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால் வெளியிலிருந்து வரும் ஐசிஎம்பி செய்திகள் அனைத்தையும் ஆபத்தானவை என்று கருதித் தடுக்கும்படி அலுவலக ஃபயர்வால் அமைக்கப்பட்டிருக்கிறது. அறிவிப்பு வாசலிலேயே விழுகிறது. வாயில் கணினி எதையும் அறியாமல் 1500ஐயே மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. பொறியாளர்கள் 'கருந்துளை' என்று அழைக்கும் நிலை இதுவே. பிங் சோதனையும் ஐசிஎம்பி வகையே என்றாலும், அது மறையாக்கம் செய்யப்பட்டுச் சுரங்கத்துக்குள் பயணம் செய்வதால், ஃபயர்வாலின் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. சிறிய பிங் எப்போதும் வெற்றி பெற்றதற்கும், அந்த வெற்றி எவ்வித உறுதியையும் தராததற்கும் அதுவே காரணம். 148 பைட் ஹேண்ட்ஷேக், 92 பைட் மறுமொழி, 128 பைட் பிங், பக்கத்தைக் கேட்கும் சிறிய வேண்டுகோள் ஆகிய அனைத்தும் இடையூறின்றிக் கடந்துவிடுகின்றன; சர்வர் தன் அடையாளச் சான்றிதழையோ பக்கத்தையோ அனுப்பத் தொடங்கும் கணத்தில்தான் முதல் பெரிய பொதி பிறக்கிறது, அதுவே முதலில் விழுகிறது.

சரிசெய்தல்

காரணம் புலப்பட்டபின் மருந்து எளிது. இரு முனைகளிலும் டபிள்யூஜி0வின் உச்ச அளவை 1412 என்று எழுதிவிட்டால், எந்தப் பொதியும் 1492ஐத் தாண்டாது. மடிக்கணினியில் மட்டும், நிரப்பல் தேவைப்படாத 1408 என்று மாற்றினாலும் வலைப்பக்கம் திறந்துவிடும். ஏனெனில் வலைப்பக்கத்தைச் சுமக்கும் டிசிபி நெறிமுறையின் உரையாடல் தொடங்கும்போதே, ஒரு பொதியில் தான் ஏற்கக்கூடிய சுமையை, உச்ச அளவில் 40ஐக் கழித்து 1368 என்று மடிக்கணினி அறிவித்துவிடுகிறது, சர்வரும் அதற்கு அடங்கியே அனுப்புகிறது. ஆயினும் யூடிபி போன்ற பிற போக்குவரத்துக்கு இந்த அறிவிப்பு இல்லை என்பதால், இரு முனைகளையும் மாற்றுவதே முறை. பல வீடுகளிலிருந்து பலர் இணையும் இடத்தில், வாயில் கணினியில் கடந்து செல்லும் ஒவ்வொரு டிசிபி அறிவிப்பையும் தேவையான அளவுக்குக் குறைத்து எழுதும் ஃபயர்வால் விதி ஒன்றைச் சேர்ப்பது வழக்கம்.

பாதை எதுவென்று முன்கூட்டியே தெரியாதபோது 1280 என்ற எண் துணை நிற்கிறது. ஐபிவி6 இயங்கும் எந்தக் கண்ணியும் குறைந்தது அந்த அளவையாவது சுமந்தாக வேண்டும் என்பது நெறி. 1412க்குப் பதில் 1280 வைத்தால், ஒரே கோப்பை அனுப்ப ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுதல் பொதிகள் தேவைப்படும். அதற்கும் கீழே இறக்கினால், லினக்ஸ் அந்த இடைமுகத்தில் ஐபிவி6ஐயே நிறுத்திவிடும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பொதி பெரிது என்ற அறிவிப்பை மட்டுமாவது அலுவலக ஃபயர்வால் அனுமதிக்க வேண்டும். சுரங்கத்தின் அளவைக் குறைப்பது ஒரு சுரங்கத்தை மட்டும் காக்கும். அறிவிப்புக்கு வழிவிடுவது அந்த வாசலைக் கடக்கும் எல்லா உரையாடல்களையும் காக்கும்.

கேள்விகளின் வரிசை

இந்த எடுத்துக்காட்டில் பழுது கடைசி அடுக்கில் இருந்தது; இன்னொன்றில் அது முதல் அடுக்கிலேயே இருக்கலாம், அல்லது எண் முகவரிக்குப் பக்கம் திறந்து பெயருக்கு மட்டும் திறக்காத நிலையில், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையில் இருக்கலாம். மாறாதது கேள்விகளின் வரிசை. இடைமுகம் இருக்கிறதா, மறுமுனை பேசுகிறதா, பொதி எந்த வழியில் போகிறது, உண்மையில் புறப்படுகிறதா, பெரியதும் கடக்கிறதா, பெயர் முகவரியாகிறதா என்று கீழிருந்து மேலாகச் செல்லும்போது, ஒவ்வொரு விடையும் அடுத்த கேள்விக்கு அடித்தளமாகிறது. ஒவ்வொரு படியிலும் ஒன்றே ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்பதும், மாற்றுவதற்கு முன் பார்த்ததைக் குறித்துவைக்க வேண்டும் என்பதும் இந்த வரிசையோடு சேர்ந்த ஒழுங்கு.

எல்லாவற்றையும் அணைத்து மீண்டும் போடும் பழக்கம் இந்த ஒழுங்குக்கு நேர் எதிரானது. அது சாவிகளையும் வழித்தடங்களையும் எண்ணிக்கைகளையும் ஒரே நேரத்தில் புதுப்பித்து, தடயங்களை அழித்துவிடுகிறது. எடுத்துக்காட்டைப் போன்ற பழுதில், சிறிய பொதிகளால் ஆன தொடக்கச் சடங்குகள் மீண்டும் வெற்றியாக முடிந்து, பழுது நீங்கிவிட்டது என்ற பொய் நம்பிக்கையையும் தருகிறது. இணைப்பு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற விடைகள் போதாது. எந்த அடுக்கில், எந்தத் திசையில், எந்த அளவு வரை என்று கேட்கப் பழகிய எவராலும், ஒருநாள் முழுவதும் அலைக்கழிக்கும் பழுதைச் சில கட்டளைகளுக்குள் இடம் சுட்டிக் காட்டிவிட முடியும். அதற்கு வேண்டிய கருவிகள் எல்லா லினக்ஸ் கணினிகளுக்கும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. எந்தக் கருவியிடம் எந்தக் கேள்வியைக் கேட்பது என்ற அறிவே பயில வேண்டியது.